18 வோல்ட் டிரில்லுக்கு எந்த பேட்டரி வாங்குவது? '88 வோல்ட்' என்று போட்டிருப்பதை நம்பலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) வீடு. கையில் இருப்பது மக்கிடா 18 வோல்ட் டிரில். கூட வந்த இரண்டு 1.5 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரியில் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று நாலு ஸ்க்ரூ ஏற்றுவதற்குள் படுத்துக்கொள்கிறது. தீபாவளிக்குள் ஜன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும், அம்மா இன்னமும் இருக்கிற லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பலகைச் சுவரில் சாமான் தட்டு அடிக்க வேண்டும், பின்னாடி தகரக் கூரையில் காற்றுக்குப் பிடுங்கிக்கொண்ட இடங்களைச் சரி செய்ய வேண்டும். ஷாப்பி இணையக் கடையில் '88 வோல்ட், 6.0' என்று ஒன்று ஒரிஜினல் விலையில் கால்வாசிக்குக் கிடைக்கிறது. பட்டணத்து ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) 5.0 எடு, அதுதான் நல்லது என்கிறார். எதை வாங்குவது?

அந்த 88 வேண்டாம். தவுக்கே சொன்ன 5.0 நல்ல பேட்டரிதான், ஆனால் அது உங்கள் டிரில்லில் ஏறுமா என்பதையே இன்னும் பார்க்கவில்லை. அதனால் ஏஎச் கணக்கெல்லாம் அப்புறம். முதலில் டிரில்லைத் திருப்பி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பாருங்கள்.

மாடல் 'டிஎச்பி' அல்லது 'டிடிஎஃப்' என்று தொடங்கினால் அது எல்எக்ஸ்டி வகை. 2005-இல் மக்கிடா கொண்டுவந்த 18 வோல்ட் லித்தியம் வரிசை. புல்வெட்டி, ஊதி, வாள், கிரைண்டர் என்று என்னென்னவோ அதே பேட்டரியில் ஓடும். 'எச்பி457டி' என்று இருந்தால் கதை வேறு. அது வீட்டு உபயோகத்துக்கென்று செய்த குறைந்த விலை வரிசை, அதன் பேட்டரி எண் கடைசியில் ஜி என்ற எழுத்து இருக்கும். நம் பக்கத்தில் பெட்டியோடு இரண்டு பேட்டரி, கொஞ்சம் டிரில் பிட் எல்லாம் சேர்த்து விற்கிற செட்டில் நிறைய இதுதான். இரண்டுமே 18 வோல்ட், இரண்டிலும் ஒரே கம்பெனி பெயர், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் இதன் பேட்டரி அதில் ஏறாது, அதன் சார்ஜர் இதற்கு ஆகாது. கடையில் வேலை செய்யும் பையன்களே இதைக் கலந்துகொடுத்துவிடுவது உண்டு. உங்களுக்கு வந்தது 1.5 என்பதால் எனக்கு ஜி வகை மேல்தான் சந்தேகம். பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய், புதியதை அதே டிரில்லில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

மற்ற பிராண்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. போஷ் நீலம், போஷ் பச்சை இரண்டும் 18 வோல்ட், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதற்கு ஆகாது. டிவால்ட்டில் நேர்மாறு: ஒன்றில் 18 என்றும் இன்னொன்றில் 20 மேக்ஸ் என்றும் எழுதியிருக்கும், உள்ளே இரண்டும் ஒன்றே. மக்கிடாவின் 40 வோல்ட் எக்ஸ்ஜிடி பேட்டரியும் 18 வோல்ட் டிரில்லில் ஏறாது.

இந்த 18, 20, 21, 88 எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் பலிக்காது. பேட்டரிக்கு உள்ளே சின்னச் சின்ன உருளைகளாக லித்தியம் செல்கள் இருக்கும், ஒன்றின் சராசரி 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோர்த்தால் 18. முழுசாகச் சார்ஜ் ஏறின செல் 4.2 காட்டும், ஐந்துக்கு 21. ஆக 18 என்று எழுதுகிறவன் சராசரியை எழுதுகிறான், 21 என்று எழுதுகிறவன் சார்ஜரிலிருந்து எடுத்த நிமிடத்து அளவை எழுதுகிறான், 20 மேக்ஸ் என்பது அதைக் கொஞ்சம் கீழே இறக்கி எழுதியது. மூன்றும் ஒரே ஐந்து செல்தான். 12 வோல்ட் டிரில்லில் மூன்று செல், அதே கணக்கு. அந்த 48, 88, 128 எல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. உற்றுப் பார்த்தால் சிலவற்றில் 'வி'-க்குப் பக்கத்தில் 'எஃப்' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், கேட்டால் அது மாடல் பெயர் என்பார்கள். உண்மையிலேயே 88 வோல்ட் வந்தால் உங்கள் 18 வோல்ட் டிரில் முதல் அழுத்தலிலேயே புகைந்திருக்கும். அது ஓடுகிறதே, அதுவே அது 88 இல்லை என்பதற்குச் சாட்சி.

சரி, ஏஎச்-க்கு வருவோம். 1.5, 2.0, 4.0, 5.0 என்ற எண்ணைப் பார்த்து 'பெரிசு வாங்கினால் அதிக நேரம் ஓடும்' என்று மட்டும் எல்லாரும் நினைக்கிறார்கள். ஓடும்தான். 18-ஐ ஏஎச்-ஆல் பெருக்கினால் வாட்-மணி, அதாவது பேட்டரியில் உள்ள மொத்தச் சக்தி கிடைக்கும்: 2.0 என்றால் 36, 5.0 என்றால் 90. (தமிழ்நாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு டிரில் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விமானத்தில் 100 வாட்-மணிவரை உள்ள உதிரி பேட்டரியைக் கைப்பையில் எடுத்துப்போகலாம், லக்கேஜில் போடக்கூடாது. 6.0 பேட்டரி 108 வரும், அதற்கு விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.) ஆனால் ஓடும் நேரத்தைவிட முக்கியமான ஒன்று உள்ளே இருக்கிறது, அதை அட்டையில் எழுதுவதில்லை: எத்தனை செல்.

சாதாரண 1.5, 2.0 பேட்டரியில் ஐந்தே செல். 4.0, 5.0, 6.0-இல் பெரும்பாலும் பத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து ஜோடி. டிரில் கஷ்டப்படும்போது, அதாவது பெரிய பிட்டோ, வட்டமாக அறுக்கிற ஹோல்சாவோ மாட்டிக் கட்டையில் இறங்கும்போது, 30, 40 ஆம்பியர்கூட இழுக்கும். ஐந்து செல் பேட்டரியில் அந்த முழு இழுப்பும் ஒவ்வொரு செல் மேலும் விழும். பத்து செல் இருந்தால் ஆளுக்குப் பாதி. செம்பனைக் குலையை ஒருத்தர் தனியாகத் தூக்கி வண்டியில் போடுவதும் இரண்டு பேர் பிடித்துப் போடுவதும் மாதிரிதான், குலை அதேதான், இடுப்பு பிழைக்கிறது. செல் திணறும்போது வோல்ட் சட்டென்று கீழே இறங்கும், அதனால் டிரில் வேகம் குறையும், செல் சூடாகும், ஆயுசும் குறையும். அதனால்தான் அதே டிரில்லில் 5.0 மாட்டியதும் 'ஏய், பவர் ஏறிவிட்டதே' என்று தோன்றுகிறது. அது மனப்பிரமை இல்லை. ஆனால் சின்ன ஸ்க்ரூ ஏற்றுகிற வேலையில் அந்த வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் அங்கே இழுப்பே இல்லை.

செல் அளவும் ஒன்று உண்டு. பழைய அளவு 18650 என்பார்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம். இப்போது 21700 வருகிறது, 21-க்கு 70. பெரிய செல் என்பதால் ஐந்து செல்லிலேயே 4.0 வந்துவிடுகிறது, இழுப்பையும் நன்றாகத் தாங்குகிறது. உங்கள் பிராண்டில் அப்படி ஒன்று கிடைத்தால் எடைக்கும் பலத்துக்கும் நடுவே நல்ல தேர்வு.

எடை என்றதும் ஏணிக்கு வருகிறேன். ஐந்து செல் பேட்டரி சுமார் 350 கிராம், பத்து செல் 600-க்கு மேல். கால் கிலோதானே என்று கடையில் தோன்றும். ஜன்னலுக்கு மேலே, ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மட்டக்கோலில் போட்ட கோட்டிலிருந்து பிட் நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கால் கிலோ என்ன செய்யும் என்று தோள்பட்டை சொல்லும். எல்லாரும் பெரியதுதான் நல்லது என்பார்கள், நான் திரைச்சீலை, ஸ்க்ரூ வேலைக்கெல்லாம் சின்ன பேட்டரியைத்தான் மாட்டுகிறேன்.

இப்போது உங்கள் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். லயத்து வீட்டுப் பலகைக்கு 2.0 தாராளம். ஆனால் பலகைக்குப் பின்னால் இருக்கும் தூணைக் கவனியுங்கள். பழைய வீடுகளில் செங்கால் அல்லது பாலாவ் மரத்தில் தூண் நிறுத்தியிருந்தால் அது இத்தனை வருடம் காய்ந்து இரும்பு மாதிரி ஆகியிருக்கும். முதலில் மெல்லிய பிட்டால் ஓட்டை போடாமல் நேராக ஸ்க்ரூவை ஏற்றினால் பாதியில் ஸ்க்ரூ தலை அறுந்துவிடும், பேட்டரி மேல் பழி போடுவீர்கள். தகரக் கூரை ஸ்க்ரூவுக்கும் சின்னதே போதும், மேலே ஏறி நிற்கும்போது கை லேசாக இருப்பது நல்லது.

தாமான் வீட்டுச் செங்கல் சுவரில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு வால் பிளக் அடிப்பதற்கு ஹேமர் மோடில் (சுற்றிக்கொண்டே தட்டுகிற நிலையில்) இழுப்பு அதிகம், பத்து செல் இருந்தால் நிம்மதி. ஆனால் ஜன்னலுக்கு நேர் மேலே சுவர் செங்கல் இல்லை, கான்கிரீட் பீம். திரைச்சீலைக் கம்பி மாட்டுகிற எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். பூச்சு வரை சுகமாகப் போகும், அப்புறம் பிட் நின்ற இடத்திலேயே சுற்றும், வெள்ளைத் தூளுக்குப் பதில் சாம்பல் நிறத்தில் கொஞ்சமாக வரும், பிட் நுனி நீலம் பாய்ந்துவிடும். அங்கே 5.0 இல்லை, 12.0 மாட்டினாலும் அதே கதைதான். அது பேட்டரி பிரச்சினை இல்லை, டிரில் பிரச்சினை. உள்ளே சுத்தியல் போல அடிக்கிற எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் வேண்டும். கிரில் வேலை, ஏர்கான் வேலை செய்கிறவர் யாராவது பக்கத்தில் இருப்பார், ஒரு மாலைக்கு இரவல் கேளுங்கள். எல்லா ஜன்னலுக்கும் ஓட்டையை அன்றைக்கே போட்டு முடித்துவிடலாம். இதற்காகப் பெரிய பேட்டரி வாங்கவே வேண்டாம்.

பெரிய பேட்டரி உண்மையில் தேவைப்படுவது புல்வெட்டிக்கு. டிரில் விட்டு விட்டு வேலை செய்யும், புல்வெட்டி போட்டது போட்டபடி இழுத்துக்கொண்டே இருக்கும், 2.0-ஐ மாட்டினால் வீட்டு முன்பக்கம் முடிவதற்குள் தீர்ந்துவிடும், பேட்டரியும் தொட முடியாத அளவு சுடும். நாளைக்குப் புல்வெட்டி வாங்குகிற எண்ணம் இருந்தால் இப்போதே 5.0 வாங்குவது நியாயம். இல்லாவிட்டால் அது அலமாரியில் தூங்கும்.

இனி அந்த விலை மலிந்த பேட்டரி. என்னிடம் ரிப்பேருக்கு வந்த ஒன்றைப் பிரித்தேன், மேலே 6.0 என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினால் உள்ளே பத்து செல் இருந்தன, பேர் ஊர் ஒன்றும் இல்லாத நீல உறை. அவற்றை இணைக்கிற நிக்கல் தகடு சாக்லெட் காகிதம் போல மெல்லியது, ஓரிடத்தில் சூட்டில் பழுப்பாகிவிட்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் நாலு ஜோடி 3.9 வோல்ட், ஒரு ஜோடி மட்டும் 3.1. போர்டில் விளக்கு காட்டுகிற சுற்று இருந்ததே தவிர, ஒவ்வொரு ஜோடியையும் தனியாகக் கண்காணிக்கிற கம்பி ஒன்றுகூட இல்லை. அதுதான் ஆபத்து. சார்ஜர் மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டு 21 வரும்வரை ஏற்றும். ஒரு ஜோடி பின்தங்கி இருந்தால் மற்ற நாலும் 4.2-ஐத் தாண்டிப் போகும். லித்தியம் செல்லை அளவு தாண்டி ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை, அதுவும் பாதி பலகையில் கட்டின வீட்டில், ராத்திரி எல்லாரும் தூங்கும்போது.

எல்லா மாற்று பேட்டரியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்து நல்லது எது கெட்டது எது என்று உங்களால் பிரிக்க முடியாது, என்னாலும் முடியாது. கைக்கு வந்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது: சமையலறைத் தராசில் வையுங்கள். 18650 செல் ஒன்று சுமார் 45 கிராம், பத்து என்றால் பெட்டி இல்லாமலே 450. 6.0 என்று எழுதிவிட்டு மொத்தமே 400 கிராம் காட்டினால் உள்ளே பத்து செல் இல்லை. இன்னொன்று, டிரில்லின் இழுப்பைத் தாங்குகிற தரமான 18650 செல் இன்றைக்கு 2.0-லிருந்து 3.0 ஏஎச்வரைதான் வருகிறது. பத்து செல் அளவுள்ள பெட்டியில் 9.0, 12.0 என்று எழுதியிருந்தால் எடை போட வேண்டிய அவசியமே இல்லை. ஒரிஜினல் ஸ்டிக்கரோடு போலியும் உலவுகிறது, அதனால் விலை அதிகமானாலும் ரசீதும் வாரண்டியும் கொடுக்கிற ஏஜெண்ட் கடையில் வாங்குங்கள். ஈப்போவுக்கு ஒரு நடை போனாலும் தப்பில்லை.

ஜப்பான் பழைய சாமான் கடைகளில் டிரில், பேட்டரி, சார்ஜர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். டிரில் நன்றாகவே இருக்கும். சார்ஜரை மட்டும் தொடாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அதன் சார்ஜரும் 100-க்கே செய்தது. நம் பிளக் பாயிண்டில் அடாப்டர் போட்டுச் செருகினால் அடுத்த நொடி டப் என்று போய்விடும். சார்ஜர் எங்கே வாங்கினாலும் அடியில் 220-240 என்று இருக்கிறதா, மலேசியத் தர முத்திரையான சிரிம் லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரியும் எத்தனை வருடம் சும்மா கிடந்ததோ தெரியாது, அதை வாங்காமல் இருப்பதே மேல்.

உங்கள் பேட்டரி சீக்கிரம் செத்ததற்குச் சூடுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். டிரில் பெட்டியைக் காரின் பின்பெட்டியிலேயே வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்களே, நம் வெயிலில் மூடிய கார் அடுப்புதான். மக்கிடா கையேட்டிலேயே 50 டிகிரிக்கு மேல் போகிற இடத்தில் வைக்காதே, 10-லிருந்து 40 டிகிரிக்குள் சார்ஜ் செய் என்று இருக்கிறது. வேலை செய்து சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் செருகாதீர்கள், காப்பி குடித்துவிட்டு வந்து செருகுங்கள். நல்ல சார்ஜர் தானே ஆறும்வரை காத்திருக்கும், சில மாடலில் காற்றாடிகூட உண்டு. எல்எக்ஸ்டியின் டிசி18ஆர்சி சார்ஜர் 3.0-ஐ 22 நிமிடத்தில், 5.0-ஐ 45 நிமிடத்தில் ஏற்றிவிடும், ஆக அவசரமே இல்லை. சாயந்திரம் இடி இடிக்கத் தொடங்கினால் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள், நம் பக்கத்து மின்னலுக்குப் போன டிவியும் மோடமும் போதும்.

பெரியவர்கள் 'முழுசாத் தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்' என்பார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், அந்தக் காலத்தில் 18 வோல்ட்டுக்குப் பதினைந்து செல் கோர்ப்பார்கள், அதற்கு அந்தச் சொல் சரி. லித்தியத்துக்கு நேர் எதிர். டிரில் இளைக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திச் சார்ஜ் போடுங்கள், விடாமல் அழுத்திக் கடைசிச் சொட்டுவரை இழுக்காதீர்கள். தீபாவளி முடிந்து அடுத்த தீபாவளிவரை எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், டிரில்லிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொஞ்சம் ஏற்றுங்கள். காலியாக வைத்து மறந்துவிட்டால் வோல்ட் ரொம்பக் கீழே போய், சார்ஜர் அதை ஏற்க மறுத்துவிடும். உங்கள் செத்த பேட்டரியும் அப்படிப் போனதாகவே இருக்கலாம்.

ஆகவே, மாடல் ஜி வகை என்றால் அதே வகையில் ஒரிஜினல் ஒன்று மட்டும் வாங்குங்கள், நீங்கள் சொன்ன வேலைக்கெல்லாம் போதும், அதற்குமேல் அந்த வரிசையில் காசு போடாதீர்கள். புல்வெட்டி ஆசை வரும்போது எல்எக்ஸ்டியில் பாடி (பேட்டரி, சார்ஜர் இல்லாத கருவி) மட்டும் வாங்கி அங்கிருந்து தொடங்கலாம். எல்எக்ஸ்டி என்றால் ஏணி வேலைக்கு 2.0 ஒன்று, சுவர் வேலைக்கு 4.0 அல்லது 5.0 ஒன்று, ஒன்று சார்ஜ் ஏறும்போது மற்றது ஓடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பத்து செல் 4.0.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், குப்பை லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். உலோக முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கிற இடத்தில் கொடுங்கள். மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், சந்தேகம் இருந்தால் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.